நோம்பிக்கு லீவு எடுக்கும் பூச்சி

உக்காரு கண்ணு. பை இருக்கட்டும், அது பாட்டுக்கு என் கால்கிட்ட கெடக்கும். கோயமுத்தூருக்கா? நான் சுந்தராபுரத்துலயே எறங்கிருவேன். அப்புறம் நீ ஜன்னலோரத்துக்கு வந்துக்கலாம்.

படிச்ச புள்ளையாட்ட இருக்கறே, நீயே ஒரு நியாயம் சொல்லு. தேக்கு மரத்து எலையைப் புழு தின்னுது. தின்னது யாரு? புழு. அதுக்கு ஒரு மனுசனைத் தூக்கி ராமநாதபுரத்துப் பக்கம், கடலோரத்துல கொண்டுபோய்ப் போடறதா? மாத்தறதுன்னா புழுவையல்லவா மாத்தோணும்?

எங்க ஊட்டுக்காரரைத்தான் சொல்றேன். சென்னியப்பன்னு பேரு. டாக்டர் சென்னியப்பன். ஊசி போடற டாக்டர் இல்லே, பூச்சி டாக்டர். அதுலயும் பூச்சிக்கு வைத்தியம் பாக்கறவரு இல்லே, பூச்சியை எண்ணறவரு. எங்கப்பா கல்யாணத்தப்ப ஊரு பூராவும் மாப்பிள்ளை டாக்டருன்னு சொல்லிட்டாரு. மறுவாரமே எங்க பெரிய மாமன் வந்து, சட்டையைக் கழட்டி முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு. இவரும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்துட்டு, "இது பூச்சிக்கடி இல்லீங்க மாமா"ன்னாரு. இவரு பாத்த வைத்தியம் அது ஒண்ணுதான்.

ஆனமலை அடிவாரத்துல, காட்டுப் பூச்சிக்குன்னே ஒரு ஆராய்ச்சி நெலையம். அங்கதான் வேலை. குவார்ட்டர்ஸும் அங்கயே. தேக்குல ஒரு அந்துப்பூச்சி வருது கண்ணு. பாத்தா ஒண்ணுமில்லே, பழுப்பா, கட்டைவெரல் நகமாட்ட இருக்கும். அது முட்டை வெச்சு, முட்டை புழுவாச்சுன்னா போச்சு. ஒரு காட்டையே மொட்டை அடிச்சிட்டுப் போயிரும். அது எப்ப வரும், எவ்வளவு வரும்னு முன்னாடியே தெரிஞ்சா மருந்தடிச்சுக்கலாமில்லே? அதைச் சொல்றதுதான் இவரோட வேலை.

எப்படிச் சொல்றாருன்னு கேளு, சிரிப்பே. பொட்டைப் பூச்சியோட வாசனையை ஒரு ரப்பர் துண்டுல ஏத்தியிருக்காங்க. மருந்து பாட்டில் மூடியாட்ட இத்துனூண்டு ரப்பரு. அதைக் கொண்டுபோய் ஒரு பொறியில தொங்க உட்டா, ஆம்பளைப் பூச்சியெல்லாம் பொண்டாட்டி கூப்பிடறாளாக்கும்னு ஓடிவந்து உள்ள உழுந்துருது. வாரா வாரம் போய் உழுந்ததை எண்ணிட்டு வாரது. அதுக்குப் பேரு இனக்கவர்ச்சிப் பொறியாம். இந்தப் பேரை, வயசுப் பொண்ணு இருக்கற ஊட்ல, சோத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு சத்தமாச் சொல்லுவாரு. நான் கண்ணைக் காட்டுவேன். அவருக்குப் புரியாது.

"வெறும் ரப்பரு கூப்பிட்டாப் போதுமுங்களா? பக்கத்துல போய் பொட்டையா இல்லையான்னு பாக்காதா?"ன்னு ஒருவாட்டி கேட்டேன்.

"பாக்காது குணா. வாசனை இருந்தாப் போதும்."

"ஆம்பளைங்க எல்லாத்துலயும் ஒரே சாதிதான்"னேன். அதுக்கும் தலையை ஆட்டி எழுதிக்கிட்டாரு. என்ன எழுதினாரோ.

அப்புறம் கம்ப்யூட்டரு. போன வாரம் உழுந்தது, அதுக்கு முந்தின வாரம் உழுந்தது, மழை, வெயிலு, காத்து, எல்லாத்தையும் உள்ள போட்டு ஆட்டுவாரு. மாவு ஆட்டறாப்பலதான். ஆட்டினா ஒரு கோடு வரும், அலையாட்ட ஏறி எறங்கி. அதைப் பாத்து, அடுத்த வாரம் இத்தனை உழும்னு சொல்லுவாரு. அதுக்கு மாடல்னு பேரு. எங்க மேகலா பொறந்தப்பக்கூட இந்த மனுசன் அந்தக் கோட்டைப் பாத்தாப்பல கொழந்தையைப் பாக்கலை.

இதுல எனக்கென்ன பாடுங்கறே? சொல்றேன். அந்த ரப்பர் துண்டெல்லாம் ஐஸ்ல வெக்கோணுமாம். ஆபீஸ்ல பிரிட்ஜ் இருந்துச்சு. அது ரிப்பேராச்சு. அதைச் சரி பண்றதுக்கு ஒரு பைல் போட்டாங்க. அந்தப் பைலைக் காணோம்னு இன்னொரு பைல் போட்டாங்க. அதுக்குள்ள பிரிட்ஜுல அணில் குட்டி போட்டிருச்சு. இவரு என்ன பண்ணினாரு? வாசனைப் பாக்கெட் எல்லாத்தையும் ஒரு எவர்சில்வர் டப்பாவுல அடுக்கி எங்க ஊட்டு பிரிட்ஜுல, மேல ஐஸ் பெட்டி இருக்குதில்லே, அதுக்குள்ள கொண்டாந்து வெச்சுட்டாரு.

"குணா, இதை மட்டும் தொட்றாதே"ன்னாரு.

நான் எதுக்குத் தொடறேன்? எனக்கென்ன பைத்தியமா? சும்மா இருக்கறப்ப நான் அதைத் திரும்பிக்கூடப் பாத்ததில்லே. நோம்பி நாள்ல மட்டுந்தான் எடுத்து வெளிய வெப்பேன்.

பின்ன என்ன பண்றது? நீ சொல்லு. பொங்கலுக்கு இவரோட அக்கா, எங்க நங்கையா, குடும்பத்தோட வரும். சித்திரைக்கு எங்கண்ணன் வருவாரு. ஆடி நோம்பிக்கு ரெண்டு பக்கத்து ஒறம்பரையும் வரும். தீவாளி இருக்குது, கார்த்திகை இருக்குது, மாரியாத்தா நோம்பி இருக்குது. மல்லிப்பூவை எங்க வெக்கறது? கறியை எங்க வெக்கறது? ஒப்புட்டுக்குத் தேங்காயும் பருப்பும் அரைச்சு பூரணம் பண்ணுனா அது எங்க இருக்கும்? வந்தவங்க கொழந்தைங்களுக்கு ஐஸ்கிரீம்? நாலு பேரு வந்து போற ஊட்ல, பூச்சிப் பொண்டாட்டிக்கு ஒரு ஐஸ் பெட்டியா?

அதுக்காக நான் அதைக் கண்ட எடத்துல போடலை கண்ணு. பத்திரமா, அடுப்புக்கு மேல அலமாரி இருக்குது பாரு, எறும்பு ஏறாது, ஈரம் படாது, அங்கதான் வெப்பேன். ஒறம்பரையெல்லாம் போன பொறகு, டப்பாவைத் தொடச்சு, எந்தப் பாக்கெட் எந்தப் பக்கம் இருந்துச்சோ அதே பக்கம் வெச்சு, திரும்ப உள்ள தள்ளிருவேன். அவருக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு நேர்த்தி. வேற பொம்பளையா இருந்தா எந்தக் குப்பையில போட்டிருப்பாளோ.

வருசம் போச்சு. இவரு கோடு போட்டுக்கிட்டே இருந்தாரு. அதுல ஒரு வம்பு. கோடு அழகா ஏறி வருமாம், திடீருன்னு பொத்துனு உழுந்துருமாம். கொஞ்ச வாரம் கழிச்சு திரும்ப ஏறுமாம். "ஏன் உழுகுது, ஏன் உழுகுது"ன்னு மனுசன் தூங்காம இருந்தாரு. மொதல்ல மழைன்னாரு. மழையில்லாதப்பவும் உழுந்துச்சு. அப்புறம் நெலான்னாரு. பௌர்ணமி வெளிச்சத்துல பூச்சி பொறிக்கு வராதுன்னாரு. தீவாளி அமாவாசையில உழுந்துச்சு, நெலாவும் போச்சு.

அப்பத்தான் கண்ணு, நான் கண்டுபிடிச்சேன். சத்தியமா நாந்தான். காப்பி குடுக்கப் போனப்ப அந்தக் கோட்டைப் பாத்தேன். "ஏனுங்க, இது பொங்கலு. இது ஆடி. இது தீவாளி. நோம்பி வந்தாத்தானுங்க உங்க பூச்சி கொறையுது"ன்னேன்.

அப்படியே என்னைப் பாத்தாரு. கல்யாணமானதுலருந்து அப்படிப் பாத்ததில்லே. "குணா, நீ பெரிய ஆளு"ன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு.

போகிக்குப் போடற புகை, தீவாளிக்கு வெடி, கோயில்ல அடிக்கற கொட்டு, இதெல்லாம் பூச்சியைக் கலைச்சு உடுதுன்னு முடிவு பண்ணிட்டாரு. அதுக்கு 'ஓய்வலை'ன்னு பேரும் வெச்சாரு. மாடலுக்குள்ள பஞ்சாங்கத்தைப் புகுத்தி உட்டாரு பாரு, கோடு அச்சு அசலா பொருந்திருச்சு! பெங்களூருல ஒரு கூட்டத்துல போய் அதைக் கட்டுரையாப் படிச்சாரு. எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்களாம். அடுத்து நெலையத்துக்கே தலைவராகப் போறாருன்னு பேச்சு. நான் இட்லி ஊத்திக்கிட்டே நெனைச்சுக்குவேன், நோம்பிக்கு லீவு போடற பூச்சின்னு நாந்தானே சொன்னேன், என் பேரையும் ஒரு ஓரத்துல போட்டிருந்தா என்ன?

அவருக்குக் கீழ ஷைனின்னு ஒரு பொண்ணு, மார்த்தாண்டத்துக்காரி. கெட்டிக்காரிதான், இல்லேங்கலை. ஆனா வாய் சும்மா இருக்காது. "சார், அந்தப் புகை நம்ம பொறி இருக்கற காட்டுக்கு வராதே. வெடி சத்தமே கேக்காதே"ம்பா. கை தட்டினவங்களுக்கெல்லாம் தெரியாதது இவளுக்குத் தெரியுமா?

போன சித்திரையிலதான் வந்துச்சு வெனை.

மேகலாவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு எங்க ஊட்லதான். சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னாடியே வந்துட்டாங்க, முடிஞ்சும் போகலை. எந்திரிச்சாப் பலகாரம், உக்காந்தா சந்தகை. அலமாரியில எடமில்லே, தட்டு தட்டா முறுக்கு. அதனால அந்த டப்பாவை அட்டாலி மேல ஏத்திட்டேன். அதுக்கு மேல கூரை, வெறும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. சித்திரை வெயிலுக்கு அந்த அட்டாலியில அப்பளம் காய வெக்கலாம். நல்லாக் காஞ்ச எடம், பூஞ்சை புடிக்காதுன்னுதான் அங்க வெச்சேன். அவருக்கு வேணுங்கறப்ப நானே எடுத்து, ஐஸ் தண்ணியில ஒரு முக்கு முக்கித் தொடச்சுக் குடுத்துருவேன். சில்லுனு இருக்கும்.

அந்த மாசம் பொறியில பூச்சியே உழுகலை. சுத்தமா இல்லே. இவரு கோட்டைப் போட்டாரு, தரையோட தரையாப் படுத்துக்கிச்சு. ரேஞ்சர் வந்து, "சார், மருந்துக்குச் சொல்லட்டுங்களா?"ன்னு கேட்டாரு.

"இந்த வருசம் பூச்சி வராது. மாடல் தெளிவாச் சொல்லுது"ன்னாரு இவரு.

ஷைனி குறுக்க வந்தா. "சார், காட்டுப் பக்கத்து டீக்கடை லைட்டுல பூச்சி மொய்க்குது சார். நான் பாத்தேன்."

"பொறியில உழுந்துச்சா?"

"இல்லே சார்."

"அப்ப அது வேற பூச்சி."

"அதே பூச்சிதான் சார். புடிச்சுக் கொண்டாந்திருக்கேன்."

"ஒண்ணு ரெண்டு வழி தவறி வரும்மா. மாடலைப் பாரு."

அவ கையில டப்பியை வெச்சுக்கிட்டே நின்னா. உள்ள பூச்சி படபடன்னு அடிச்சுக்கிச்சு. இவரு கம்ப்யூட்டரைத்தான் பாத்தாரு.

காட்டை ஒட்டி நாச்சிமுத்துன்னு ஒருத்தரு, வரப்போரமா தேக்குக் கன்னு வெச்சு, கொழந்தையாட்ட வளத்துக்கிட்டு இருந்தாரு. அவரும் வந்து கேட்டாரு. "உங்களை நம்பி மருந்தடிக்காம உடட்டுங்களா சார்?" இவரு அவரு தோள்ல தட்டி, "நிம்மதியாப் போங்க"ன்னாரு.

கோடை மழை ஒண்ணு பேஞ்சுது. அதுக்கப்புறம் என்ன சொல்ல? நான் காட்டுக்குள்ள போனேன் கண்ணு, சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கிட்டு, சும்மா காட்டலாம்னு. உள்ள நின்னா மழை தூறறாப்பல ஒரு சத்தம். மேல பாத்தா வானம் வெள்ளையா இருக்குது. என்னடான்னு பாத்தா, அத்தனையும் புழுவோட எச்சம். எலை மேல பொலபொலன்னு உழுகுது. நூலு உட்டுக்கிட்டு தலைக்கு நேரா புழு தொங்குது. சம்பந்தியம்மா கொண்டையில ஒண்ணு. போட்ட கூச்சல்ல நான் ஓடியே வந்துட்டேன். கொஞ்ச நாள்ல ஒரு மரத்துல எலையில்லே. நரம்புதான், வலையாட்ட. பெரிய மரமெல்லாம் திரும்பத் தளிர் உட்ருமாம். சின்னக் கன்னு உடாது. நாச்சிமுத்து கன்னுல பாதிக்கு மேல குருத்தே போயிருச்சு.

அவரு வந்தாரு. திட்டியிருந்தாக்கூடப் பரவால்லே. நரம்பா நின்ன ஒரு எலையைக் கொண்டாந்து, எங்க கேட்டு மேல வெச்சுட்டு, "இதுல ஓட்டை எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க சார்"னுட்டுப் போயிட்டாரு. இவரு அன்னைக்குச் சோறு திங்கலை.

மறுநாளு ஷைனி ஊட்டுக்கு வந்தா. நான் அட்டாலியிலருந்து பெரிய அண்டாவை எறக்கிக்கிட்டு இருந்தேன். "நான் எடுத்துத் தாரேன் அக்கா"ன்னு ஸ்டூல் மேல ஏறினவ, அப்படியே நின்னுட்டா. அந்த டப்பாவைத் தொட்டா. "ஸ்"ன்னு கையை எடுத்தா. வெயிலுக்குச் சுட்டிருச்சு.

"அக்கா, இது எவ்வளவு நாளா இங்க இருக்கு?"

"வளைகாப்புலருந்து. ஏன்?"

"அதுக்கு முன்னால?"

"பிரிட்ஜுலதான். நோம்பிக்கு நோம்பி எடுத்து அடுப்புக்கு மேல வெப்பேன். பத்திரமாத்தான் இருக்குது, ஒண்ணும் காணாமப் போகலை, எண்ணிப் பாத்துக்க"ன்னேன்.

அவ வாசலைப் பாத்தா. இவரு அங்க நின்னுக்கிட்டு இருந்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டாரு போல. மெதுவா வந்தாரு. டப்பாவை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு தரையில உக்காந்தாரு. உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சாரு கண்ணு! சிரிக்கறாரு, சிரிக்கறாரு, கண்ணுல தண்ணி வழியுது. "போகி புகை"ங்கறாரு, சிரிக்கறாரு. "ஓய்வலை"ங்கறாரு, சிரிக்கறாரு. மனுசனுக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னே நெனைச்சேன்.

"சார், விசாரணைக் கமிட்டிகிட்ட இதைச் சொல்லிரலாம் சார்"னு ஷைனி காதுக்குள்ள சொல்றா. எனக்குக் கேக்காதா?

"வேண்டாம்மா"ன்னாரு. கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. "குணா, காப்பி இருக்குதா?"ன்னாரு. குடுத்தேன். "நல்லா இருக்குது"ன்னாரு. அவ்வளவுதான்.

அதுக்குள்ள மேலருந்து விசாரணைக்கு ஆளுங்க வந்துட்டாங்க. ஆபீஸ்லதான் விசாரணை. நான் பஜ்ஜி போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். வாசப்படியில நிக்கறேன், உள்ள இவரு பேசறாரு. "தப்பு என்னுது. கவர்ச்சி மருந்தை வெக்க வேண்டிய குளிர்ல நான் வெக்கலை. வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லே. இத்தனை வருசத்துக் கணக்கும் செல்லாது. அந்தக் கட்டுரையை நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. தப்பே பண்ணாம தப்புப் பண்ணேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? ஷைனி வாயைத் தொறந்தா. இவரு அவளை ஒரு பார்வை பாத்தாரு, மூடிக்கிட்டா. நான் உடலை. "ஏனுங்க, அந்த டப்பாவை நான் எவ்வளவு பத்திரமா..."ன்னு ஆரம்பிச்சேன். திரும்பினாரு. "குணா, ஊட்டுக்குப் போ"ன்னாரு. அத்தனை பேருக்கு முன்னால! இத்தனை வருசத்துல ஒரு அதட்டுப் போட்டதில்லே அந்த மனுசன். பஜ்ஜியை வெச்சுட்டு வந்துட்டேன். அதை ஒருத்தரும் தொடலையாம்.

தலைவர் பதவி போச்சு. மாத்தல் வந்திருச்சு. சாமான் கட்டறப்ப, பழைய கோடெல்லாம் சுருட்டிக் கெடந்துச்சு. "இதையும் கட்டட்டுங்களா?"ன்னேன்.

"வேண்டாம். அது பூச்சியோட கணக்கில்லே குணா"ன்னாரு.

"பின்ன யாரோட கணக்கு?"

என் தலையைத் தடவிக் குடுத்தாரு. இப்படித்தான் கண்ணு, ஒரு கேள்வி கேட்டா நேரா ஒரு பதிலு வராது. படிச்சவங்களே இப்படித்தான்.

எனக்குத் தெரியாதா என்ன நடந்துச்சுன்னு? அந்த மருந்து வித்தவன் மோசம் பண்ணியிருக்கான். ரப்பர் துண்டு கெட்டுப் போகுமா? அது என்ன தக்காளியா? அந்த ஷைனி புள்ளைக்கும் ஏதோ தெரியும், மறைக்கறா. இவரு மாத்தலாகிப் போறன்னைக்கு என்னைக் கட்டிப் புடிச்சு அழுதா. குத்தமுள்ள நெஞ்சு பாரு.

எங்கண்ணன் ஊட்ல வெச்சு மேகலாவுக்குப் பிரசவமாகி, தாயையும் புள்ளையையும் அவங்க ஊட்ல கொண்டுபோய் உட்டுட்டு, இப்பத்தான் எனக்கு ஓய்ஞ்சுது. இவரு அங்க தனியா, கடையில தின்னுக்கிட்டு, சவுக்குத் தோப்புல என்னத்தையோ எண்ணிக்கிட்டு இருக்காரு. நான் முடிவு பண்ணிட்டேன். இங்க சுந்தராபுரத்துல இவங்க பெரியாபீஸ். பெரிய டைரக்டர் இன்னைக்கு இருக்காராம், நேர்ல பாக்கப் போறேன். காத்தால போன்ல சொன்னேன். பதறிட்டாரு. "வேண்டாம் குணா, போகாதே. எனக்கு இங்க நல்லாத்தான் இருக்குது. கடல் காத்து ஒத்துக்கிச்சு. நீயும் கெளம்பி இங்க வந்துரு"ங்கறாரு. கெஞ்சறாரு கண்ணு. பயந்தாங்கொள்ளி. தனக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுசன்.

நான் பேசறேன். அந்த டப்பா எங்க இருந்துச்சு, எப்ப எடுத்தேன், எங்க வெச்சேன், எப்படித் தொடச்சு அடுக்கினேன், ஒண்ணு உடாம டைரக்டர்கிட்டச் சொல்லப் போறேன். அப்பப் புரியும் அவங்களுக்கு, எங்க ஊட்டுக்காரரு மேல ஒரு பொட்டுத் தப்பும் இல்லேன்னு.

என்ன அம்மிணி, மூஞ்சி ஒரு மாதிரியாப் போச்சு? தண்ணி வேணுமா? என்னமோ சொல்ல வாரே, முழுங்கறே. பரவால்லே, சொல்லு... அட, சுந்தராபுரமே வந்திருச்சு! அந்தப் பையை எடு. கண்டக்டர் தம்பி, சித்தெ நிறுத்துங்க, எறங்கிக்கறேன். வரட்டுங்களா கண்ணு? நீ ஒண்ணும் கவலைப்படாதே. உனக்குச் சொன்னாப்பலயே அங்கயும் சொல்லிருவேன்.